சைக்கிளில் வந்த விருந்தாளி

டெர்வ்லா மர்பி என்ற ஐரிஷ்காரப் பெண் 1963-ம் வருஷம் ஜனவரி மாதம் பிரான்ஸ் தேசத்து டன்கர்க் துறைமுகத்தில் சைக்கிளில் ஏறினார். ஜூலை மாதம் டில்லியில் இறங்கினார். அந்த ஆறு மாதத்தைப் பற்றி அவர் எழுதிய 'ஃபுல் டில்ட்' என்ற புஸ்தகம் 1965-ல் வெளிவந்தது. தனியாகச் சைக்கிளில் தேசாந்தரம் போனவர்கள் எழுதிய புஸ்தகங்கள் ஆங்கிலத்தில் ஓர் அலமாரி நிறைய இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஒரு தடவை படிக்கத் தகுந்தவை. சில அதற்கும் தகாதவை. இந்த ஒன்றை இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் எடுத்துப் படிக்க முடிகிறது. அப்படிப் படிக்கும்போது இதன் ஆசிரியையோடு சண்டை போடவும் தோன்றுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது என் அபிப்பிராயம்.

முதலில் இந்த மாதிரிப் பிரயாணத்தின் தன்மையைப் பார்க்கவேண்டும். ரயிலில் போகிறவன் ஸ்டேஷன்களைப் பார்க்கிறான். காரில் போகிறவன் பெட்ரோல் பங்குகளைப் பார்க்கிறான். கால்நடையாகப் போகிறவன் பத்து மைலுக்கு ஒரு ஊரில் உட்கார்ந்து, ஊர்க் கதையெல்லாம் கேட்டுவிட்டு எழுந்து போகிறான். சைக்கிள்காரன் இரண்டுங்கெட்டான். நல்ல சாலையானால் ஒரு நாளில் அறுபது எழுபது மைல் போய்விடுவான். காலையில் தேநீர் கொடுத்தவனை மறுபடி வாழ்நாளில் பார்க்கப்போவதில்லை. ஆனால் வேகம் இருக்கிறதே தவிர, கார்க்காரனுக்கு உள்ள பாதுகாப்பு ஒன்றும் அவனுக்குக் கிடையாது. வெயில், எதிர்க்காற்று, நாய், கல்லெறிகிற பையன்கள் எல்லாம் அவன் தலையில்தான் விடியும். ஒரு வாரச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகவும் முடியாது. ஆகவே தினம் பொழுது சாய்கிற நேரத்தில், பாஷை தெரியாத ஊரில், யாராவது ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டியிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் சைக்கிள் பிரயாணப் புஸ்தகம் என்பது சாலையைப் பற்றிய புஸ்தகமே அல்ல. இரவு தங்க இடம் கொடுத்தவர்களைப் பற்றிய புஸ்தகம்.

நம் பழைய இலக்கியத்தில் இதற்கென்றே ஒரு துறை உண்டு. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை. முருகனைப் பற்றியதை விட்டுவிட்டால், மற்ற நான்கும் பொருநனும் பாணனும் கூத்தனும் போகிற வழியைப் பற்றியவை. பரிசு பெற்றுத் திரும்புகிறவன், எதிரே பசியோடு வருகிறவனை நிறுத்தி வழி சொல்லுகிறான். எந்த நிலத்தில் எந்த மக்கள் இருப்பார்கள், அவர்கள் என்ன சோறு போடுவார்கள், மலைப் பாதையில் எங்கே கால் வழுக்கும் என்றெல்லாம் விவரமாகச் சொல்லுகிறான். புலவர்கள் அரசனைப் புகழத்தான் பாடினார்கள். ஆனால் வழியில் சோறு போட்ட குறவனும் உழவனும் பரதவனும் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். பிரயாண நூல் எழுதுகிறவர்களை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. சோறு போட்டவன் புஸ்தகத்துக்குள் ஆளாக வந்திருக்கிறானா, அல்லது வெறும் காட்சியாக நின்றுவிட்டானா?

தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் விஷயத்தில் காட்சியாகத்தான் நின்றான். உலகத்தை முதன்முதலாகச் சைக்கிளில் சுற்றியவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. 1854-ல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1884-ம் வருஷம் ஏப்ரல் மாதம் ஸான் பிரான்ஸிஸ்கோவில் புறப்பட்டு, 1886-ம் வருஷம் டிசம்பர் மாதம் ஜப்பானில் யோகோஹாமாவில் முடித்தார். சைக்கிளில் கடந்தது மட்டும் சுமார் 13,500 மைல். அவர் ஏறியதை நாம் சைக்கிள் என்று ஒப்புக்கொள்வதுகூடச் சிரமம். முன்சக்கரம் ஐம்பது அங்குலம். அதன் தலைமேல் ஆசனம். பின்னால் ஒரு குட்டிச் சக்கரம். சங்கிலி கிடையாது. மிதிகட்டை முன்சக்கரத்தோடு சேர்ந்திருப்பதால், சக்கரம் சுற்றுகிறவரை காலும் சுற்றியாகவேண்டும். காற்றடைத்த டயருக்கு டன்லப் காப்புரிமை வாங்கியதே 1888-ல்தான். இது கெட்டி ரப்பர். ஒரு சிறு கல் தடுக்கினால் ஆசாமி தலைகுப்புற விழவேண்டியதுதான். மூட்டையில் மாற்றுச் சட்டை, காலுறை, ஒரு மழைக்கோட்டு. அந்தக் கோட்டே கூடாரம், அதுவே படுக்கை. இவற்றோடு ஒரு ரிவால்வர். இப்படிக் கிளம்பியவரைத் தைரியசாலி அல்ல என்று யாரும் சொல்ல முடியாது.

பத்திரிகையில் தொடராக வந்தபின் 1887-லும் 1888-லும் இரண்டு பாகங்களாக வெளியான அவருடைய புஸ்தகத்தில் திரும்பத் திரும்ப ஒரே காட்சி வருகிறது. துருக்கியிலோ பாரசீகத்திலோ ஒரு ஊருக்குள் நுழைகிறார். ஊரே கூடிவிடுகிறது. 'ஏறு, ஓட்டிக் காட்டு' என்கிறார்கள். ஓட்டிக் காட்டுகிறார். இன்னொரு தரம் என்கிறார்கள். அதிகாரி வருகிறார்; அவருக்காக ஒரு தரம். பிறகு சாப்பாடு, படுக்கை. காலையில் மறுபடியும் கூட்டம். ஸ்டீவன்ஸுக்கு இது பெரிய தொந்தரவாகப் படுகிறது. அரை நாகரிகம் உள்ள ஜனங்களின் ஆர்வக் கோளாறு என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களின் தோரணையில் அலுத்துக்கொள்ளுகிறார். படிக்கிற நமக்கோ வேறொன்று தெரிகிறது: இவர் கூத்தாடிச் சோறு வாங்குகிற கூத்தர் வம்சம்! அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த பழைய முறைப்படி, வித்தை காட்டியவனுக்குச் சோறு போட்டு அனுப்புகிறார்கள். சோறு போட்டவனுக்கு இது தெரிந்திருக்கிறது, சாப்பிட்டவருக்குத் தெரியவில்லை.

டெஹ்ரானில் பனிக்காலம் முழுவதும் ஷாவின் விருந்தாளியாக இருந்துவிட்டு, ரஷ்யா வழி மூடப்பட்டதால் 1886-ல் ஆப்கானிஸ்தானத்துக்குள் நுழைந்தார். ஃபராவில் பிடித்து, காவலோடு ஹெராத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பாரசீகத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கப்பல் மார்க்கமாகக் கராச்சி வந்து, லாகூரிலிருந்து கல்கத்தா வரை கிராண்ட் டிரங்க் ரோட்டில் ஓட்டினார். சீனாவில் கல்லெறியும் உயிருக்கு ஆபத்தும் நேர்ந்தன. பிரெஞ்சுக்காரர்களோடு 1884-85-ல் நடந்த யுத்தத்தின் சூடு அங்கே இன்னும் ஆறவில்லை. வெள்ளை முகம் எல்லாம் அவர்களுக்கு ஒரே முகம்தான். இவ்வளவும் நடந்தும், ஆயிரம் பக்கங்களைத் தாண்டுகிற அந்தப் புஸ்தகத்தை மூடிவைத்தபின் ஒரு மனிதன்கூட ஞாபகத்தில் நிற்பதில்லை. நிற்பது அந்தப் பெரிய சக்கரம் ஒன்றுதான்.

ஆனி லண்டன்டெரி என்று பெயர் வைத்துக்கொண்டு 1894-ல் பாஸ்டனிலிருந்து கிளம்பிய பெண்மணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று குழந்தைகளுக்குத் தாய். லண்டன்டெரி என்பது, நூறு டாலர் கொடுத்துத் தன் பலகையைச் சைக்கிளில் மாட்டச் சொன்ன ஒரு தண்ணீர்க் கம்பெனியின் பெயர். பிரயாணத்தில் பெரும்பகுதி கப்பலில்தான். இந்தியாவில் ஜெர்மானிய ராஜவம்சத்தாரோடு புலிவேட்டை ஆடியதாகவும், சீன-ஜப்பான் யுத்தத்தில் குண்டடி பட்டதாகவும் பத்திரிகைக்காரர்களிடம் அளந்தார். நாவலாசிரியர்கள் இவரிடம் கொஞ்சம் பரிவு காட்டவேண்டும். நம் தொழிலைத்தான் செய்திருக்கிறார். ஆனால் சரியாகச் செய்யவில்லை. பொய்யில் புலி வருகிற அளவுக்கு மனிதர்கள் வரவில்லை.

டெர்வ்லா மர்பி பொய் சொல்லத் தெரியாதவர். அயர்லாந்தில் லிஸ்மோர் என்ற சிற்றூரில் 1931-ல் பிறந்தார். தகப்பனார் நூலகர். பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு பழைய தேசப்படப் புஸ்தகமும் பரிசாகக் கிடைத்தன. சில நாட்களுக்குள், ஒரு மேட்டில் சைக்கிளை மிதித்து ஏறிக்கொண்டிருக்கும்போது, இதிலேயே இந்தியாவுக்குப் போவது என்று தீர்மானம் செய்தார். பெரியவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள் என்று வெளியே சொல்லவில்லை. குழந்தைகள் இப்படி நூறு தீர்மானம் செய்வார்கள். அடுத்த வாரம் மறந்துவிடுவார்கள். இந்தக் குழந்தை மறக்கவில்லை. இருபத்தொரு வருஷம் கழித்துப் புறப்பட்டது.

இடையில் என்ன நடந்தது என்பதை 'ஃபுல் டில்ட்'டில் அவர் சொல்லவில்லை. அதற்கு அவருடைய சுயசரிதத்தைப் பார்க்கவேண்டும், 1979-ல் வந்தது. தாயாருக்குக் கீல்வாதம், எழுந்து நடமாட முடியாத நிலை. பதினாலாவது வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டோடு இருந்து பணிவிடை செய்தார். நடுநடுவே சில வாரங்கள் இங்கிலாந்து, ஐரோப்பா என்று சைக்கிளில் போய்வர அந்தத் தாயாரே தூண்டினார் என்பது உண்மை. ஆனாலும் வருஷங்கள் ஆக ஆகத் தாயும் மகளும் ஒரே அறையில் மூச்சு முட்டினார்கள். பாசமும் கடுப்பும் பிரிக்க முடியாமல் கலந்து கிடந்ததை மூடி மறைக்காமல் எழுதியிருக்கிறார். நம் வீடுகளிலும் இப்படி ஒரு அத்தையோ பெரியக்காவோ இருந்திருக்கிறார்கள். அவர்கள் கடைசியில் திண்ணை ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள். தகப்பனார் 1961-லும் தாயார் 1962-லும் காலமானபின், இந்தப் பெண்ணுக்கு முன்னால் சாலை திறந்துகொண்டது. ஐரோப்பாவில் பல வருஷங்களாகக் காணாத பனி கொட்டிய அந்த ஜனவரியிலேயே கிளம்பிவிட்டார். இரண்டு மாதம் பொறுத்துப் போகலாமே என்று யாருக்கும் தோன்றும். இருபத்தொரு வருஷம் பொறுத்தவருக்கு அது தோன்றவில்லை.

சைக்கிளுக்கு ரோஸினான்டே என்று பெயர். டான் குவிக்ஸாட்டின் நோஞ்சான் குதிரையின் பெயர் அது, செல்லமாக ரோஸ். ஆசியாவின் சாலைகளில் கியர் எல்லாம் நிலைக்காது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் புறப்பட்டார். கையில் ஒரு சிறு துப்பாக்கியும் உண்டு. அது மூன்று தடவை வெடிக்கிறது. யூகோஸ்லாவியாவில் ஓநாய்கள் பாய்ந்தபோது ஒரு தடவை. துருக்கியில் இரவில் அறைக்குள் புகுந்தவனை விரட்ட ஒரு தடவை. சைக்கிளைப் பறிக்க வந்தவர்களைப் பயமுறுத்த ஒரு தடவை. வேறு யாராக இருந்தாலும் இந்த மூன்று சம்பவங்களையும் வைத்துக்கொண்டு பாதிப் புஸ்தகத்தை ஒப்பேற்றியிருப்பார்கள். பிரசுரகர்த்தர்களும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். இவரோ டன்கர்க்கிலிருந்து டெஹ்ரான் வரை உள்ள எல்லாவற்றையும் ஒரே அத்தியாயத்தில் போட்டு முடித்துவிடுகிறார். துப்பாக்கி வெடிப்பதெல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஓநாய் போய்விட்டது, ஆகவே மேலே போவோம் என்கிற பாணி. சாகசத்தைச் சாகசம் என்று மதிக்காத இந்த மனோபாவத்தில்தான் அவருடைய எழுத்தின் கௌரவம் இருக்கிறது.

அதன்பின் வருவது நாட்குறிப்பு. ஒவ்வொரு நாள் இரவும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், ஊரிலிருந்த சிநேகிதர்களுக்காக எழுதியது. கலைக்களஞ்சியத்தைப் புரட்டி விவரங்களைச் செருகி, தன்னை மேதாவியாகக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். அந்த வாக்கைக் காப்பாற்றியும் இருக்கிறார். சரித்திரப் பாடம் இல்லை. மன்னர் வரிசை இல்லை. அன்றைக்கு என்ன சாப்பாடு, எந்த மேடு, யார் வீடு, எவ்வளவு தெள்ளுப்பூச்சி. வாக்கியங்களைச் செதுக்கவில்லை. சில பக்கங்களில் ஒரே பரவசம் மூன்று நாள் தொடர்ந்து வருகிறது. ஒரு நல்ல எடிட்டர் இரண்டு நாளை வெட்டியிருக்கலாம். இருந்தாலும், அன்றன்று எழுதியதில் மட்டுமே கிடைக்கக்கூடிய ஒரு நேர்மை இருக்கிறது. பஸ்ஸில் போனால் பஸ்ஸில் போனேன் என்கிறார். லாரியில் ஏறினால் லாரி என்கிறார். முழுத் தூரமும் சைக்கிளிலேயே கடந்தேன் என்று மார்தட்டுவது அவர் கவலையே அல்ல. வேடிக்கை என்னவென்றால், மொத்தப் பிரயாணத்திலும் மோசமான காயம் அவருக்குச் சைக்கிளில் ஏற்படவில்லை. ஆப்கானிஸ்தானத்தில் பஸ்ஸுக்குள் ஒரு துப்பாக்கிக் கட்டை இடித்து மூன்று விலா எலும்புகள் முறிந்தன. அதற்கும் இரண்டு வரி புலம்பல்தான்.

தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, கரகரத்த குரலோடு, ஆண் பிள்ளைச் சட்டையில் வந்த இவரைப் பல ஊர்களில் ஆண் என்றே நினைத்துவிட்டார்கள். அவரும் அவசியமில்லாமல் மறுக்கவில்லை. பெண் என்று தெரிந்த வீடுகளில் அந்தப்புரத்துக்கும் அழைத்துப் போனார்கள். ஆண்களோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கவும், பெண்களோடு உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொள்ளவும் ஒருங்கே முடிந்தது. ஸ்டீவன்ஸுக்கு இந்த இரண்டாவது வாசல் திறக்கவே இல்லை. இந்த ஒரு காரணத்தாலேயே மர்பியின் ஆப்கானிஸ்தானம் முழுசான ஊராக இருக்கிறது. காவலோடு ஸ்டீவன்ஸைக் கொண்டுவந்து நிறுத்திய அதே ஹெராத்துக்கு எழுபத்தேழு வருஷம் கழித்து இவர் வந்து சேருகிறார். வந்த இடத்தில் காதல் வயப்பட்ட மாதிரி ஆகிவிடுகிறார். ஆப்கானியப் பைத்தியம் என்று பொருள்படத் தனக்கே ஒரு ஆங்கில வார்த்தையை உண்டாக்கிச் சூட்டிக்கொள்ளுகிறார். மலையும் வானமும் அழகு என்பதால் மட்டும் அல்ல. ஏழை வீட்டில் ரொட்டியும் தேநீரும் கொடுக்கிறவன், கொடுக்கிறோம் என்ற பிரக்ஞை இல்லாமல் கொடுக்கிறான். அந்நியரைப் பார்த்துக் கூசுவதும் இல்லை, குழைவதும் இல்லை. அந்த நிமிர்ந்த முதுகு அவருக்குப் பிடித்துப் போகிறது. கில்கித்திலிருந்து திரும்பும் வழியில், சுமார் 13,700 அடி உயரமுள்ள பாபுசர் கணவாயில், பனியில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் ஏறுகிற பகுதி பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்தத் தேநீர்ப் பக்கங்கள்தான் உயர்வாகத் தோன்றுகின்றன. ஆற்றுப்படைப் புலவன் இவரை உடனே அடையாளம் கண்டுகொண்டிருப்பான்.

இனி சண்டைக்கு வருகிறேன்.

இந்த மக்கள் இப்படியே இருக்கவேண்டும் என்பது மர்பியின் ஆசை. மேல்நாட்டு நாகரிகம் வந்தால் இவர்கள் கெட்டுப்போவார்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் அடித்துச் சொல்லுகிறார். அந்தக் காலத்தில் ரஷ்யர்கள் ஒரு பக்கமும் அமெரிக்கர்கள் ஒரு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு ஆப்கானிஸ்தானத்தில் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்து குஷ் மலையைக் குடைந்து ரஷ்யர்கள் அமைத்த ஸலாங் சுரங்கப் பாதை, இவர் போன அடுத்த வருஷம், 1964-ல் திறக்கப்பட்டது. இதெல்லாம் அவருக்கு ஆகவில்லை. சைக்கிளுக்குத் தார்ச்சாலைதான் சௌகரியம் என்பது தெரிந்தும் தார்ச்சாலையைத் திட்டுகிற முதல் சைக்கிள்காரர் இவராகத்தான் இருப்பார்.

விருந்தாளிக்கு இந்த ஆசை வரலாமா? ஒரு இரவு மண் வீட்டில் தங்கி, மண் அடுப்பில் சுட்ட ரொட்டியைத் தின்றுவிட்டு, 'ஆஹா, இந்த அடுப்பு என்றைக்கும் மாறக்கூடாது' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். காலையில் சைக்கிள் காத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் புகையில் தினமும் கண்ணைக் கசக்குகிறவளைக் கேட்டால் வேறு பதில் வரும். பிரசவம் சிக்கலாகி, ஆஸ்பத்திரி நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறவளுக்கு அந்தத் தார்ச்சாலை வெள்ளைக்காரன் கொண்டுவந்த வியாதி அல்ல. காபூலில் 1959-ல் அரசாங்கத்தின் ஆதரவோடு முக்காட்டை எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் போகத் தொடங்கிய பெண்கள் இருந்தார்கள். 1964-ம் வருஷத்து அரசியல் சட்டம் பெண்களுக்கு ஓட்டுரிமையை உறுதி செய்தது. அயர்லாந்தில் ஒரு அறைக்குள் பதினாறு வருஷம் அடைபட்டுக் கிடந்து வெளியேறிய ஒரு பெண், மற்றப் பெண்களின் கதவு திறக்கிற சத்தத்தைச் சரியாகக் கேட்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. தன் விடுதலையின் குதூகலம் காதை அடைத்துவிட்டதோ என்னவோ.

நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். வல்லரசுகள் இனாமாகப் போட்டுக் கொடுக்கிற சாலையில் என்ன வரும் என்ற சந்தேகம் அவருக்கு இருந்தது. 1979-ம் வருஷம் டிசம்பரில் ஸலாங் வழியாகவும் ஹெராத் சாலை வழியாகவும் ரஷ்ய டாங்கிகள் வந்தன. அந்த விஷயத்தில் சரித்திரம் அவர் கட்சியிலும் பேசுகிறது. பிறகு அந்தத் தேசம் பட்ட பாட்டை, 1996-லும் 2021-லும் பெண்களின் பள்ளிக்கூடங்களுக்குப் பூட்டு விழுந்ததை, மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கும்போது 1963-ம் வருஷத்து அந்த வசந்தகாலப் பக்கங்கள் நெஞ்சைப் பிசைகின்றன. எழுதியவர் எண்ணிய அர்த்தத்தைவிடக் கூடுதலான அர்த்தம் அவற்றில் ஏறிவிட்டது. அதற்காக அவரைப் புகழவும் வேண்டாம், இகழவும் வேண்டாம்.

என் புகார் அவருடைய அரசியலைப் பற்றியது அல்ல, கண்ணைப் பற்றியது. சைக்கிள்காரன் ஒரு வீட்டை மாலையிலும் காலையிலும்தான் பார்க்கிறான். மத்தியானத்தைப் பார்ப்பதில்லை. விருந்தாளி வந்திருக்கும்போது எந்த வீட்டில் சண்டை நடக்கும்? அவருடைய ஆப்கானியர் எல்லோரும் வாசலில் நின்று வரவேற்கிற கோலத்திலேயே இருக்கிறார்கள். ஆளாக வந்துவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் மாலை நேரத்து ஆள்.

மத்தியானத்தைப் பார்த்த ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஸையத் முஜ்தபா அலி, வங்காளி, சாந்திநிகேதனில் படித்தவர். 1927-ல் காபூலுக்கு வாத்தியார் வேலைக்குப் போய், அமானுல்லா மன்னர் நாட்டை விட்டு ஓடிய 1929 வரை அங்கே இருந்தார். சைக்கிள்காரர் அல்ல. 'தேஷே பிதேஷே' என்று அவர் வங்காளத்தில் எழுதிய புஸ்தகத்தில் அப்துர் ரஹ்மான் என்ற வேலைக்காரன் வருகிறான். பஞ்ச்ஷீர்க்காரன், பூதாகாரமான ஆள். ஒருவருக்குச் சமைக்கச் சொன்னால் ஆறு பேருக்குச் சமைத்து வைப்பான். தன் ஊர்ப் பனியைப் போல உலகத்தில் பனி கிடையாது என்பான். முதலில் சிரிக்கிறோம். கொள்ளைக்காரன் ஒருவன் சிம்மாசனம் ஏறி, ஊரில் அரிசி மாவு கிடைக்காமல், குளிரில் எஜமானனும் வேலைக்காரனும் ஒரே பட்டினியைப் பங்கு போட்டுக்கொள்ளுகிற கட்டத்தில் சிரிப்பு நின்றுவிடுகிறது. கடைசியில் விமானம் கிளம்பும்போது, கீழே பனிப்பரப்பில் ஒரு தலைப்பாகைத் துணி ஆடுவது மட்டும் தெரிகிறது. மர்பியின் புஸ்தகத்தில் வருகிற நூறு நல்லவர்களைச் சேர்த்தாலும் இந்த ஒருவனுக்கு ஈடாகவில்லை. இரண்டு வருஷம் ஒரே அடுப்பில் சாப்பிட்டால்தான் இப்படி ஒருவன் கிடைப்பான். (வங்காளத்திலும் சைக்கிள்காரர் உண்டு. முஜ்தபா அலியின் ஸில்ஹெட் பிரதேசத்தைச் சேர்ந்த ராம்நாத் பிஸ்வாஸ் 1931-ல் சிங்கப்பூரிலிருந்து சைக்கிளில் கிளம்பி, முப்பது புஸ்தகங்களுக்கு மேல் எழுதினார். அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுதவேண்டும்.)

மர்பிக்கும் இந்தக் குறை தெரிந்திருந்தது என்றே ஊகிக்கிறேன். டில்லியில் சைக்கிளை விட்டு இறங்கியவர் உடனே ஊருக்குத் திரும்பவில்லை. தர்மசாலாவுக்குப் போய், திபெத்திலிருந்து ஓடிவந்த அகதிக் குழந்தைகளின் முகாமில் வேலை செய்தார். அதைப் பற்றி 1966-ல் எழுதிய 'திபெத்தன் ஃபுட்ஹோல்ட்' என்ற புஸ்தகத்தைச் சைக்கிள் பிரியர்கள் அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. அதில் வேகம் இல்லை, ஓநாய் இல்லை. சிரங்கு பிடித்த குழந்தைகள் இருக்கின்றன. உதவி செய்ய வந்தவர்களுக்குள் நடக்கிற போட்டியும் பொறாமையும் இருக்கின்றன. நல்ல காரியத்தில் ஈடுபட்டவர்களும் சின்னத்தனமாக நடந்துகொள்ளுகிறார்கள். மத்தியானம் வந்துவிட்டது. வாக்கியங்கள்கூட மாறியிருக்கின்றன: பரவசம் குறைந்து, கேள்விகள் கூடியிருக்கின்றன. பத்து வருஷம் கழித்து ஐந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு குடகுக்கு வந்து தங்கினார். 1976-ல் வெளியான அந்தப் புஸ்தகத்திலும் தங்கிப் பார்க்கிற கண் இருக்கிறது. அந்த மகளை விவாகம் செய்துகொள்ளாமலே பெற்று வளர்த்தவர் என்பதையும், 1960-களின் அயர்லாந்தில் அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கவேண்டும். பாபுசர் கணவாயைவிட அது உயரமான ஏற்றம். 2022-ம் வருஷம் மே மாதம், தொண்ணூறாவது வயதில் காலமானார்.

வாசகர்களுக்கு என் யோசனை இதுதான். ஸ்டீவன்ஸில் முதல் பாகத்தைப் படித்தால் போதும். இரண்டாவதில் ஆப்கானிஸ்தான அத்தியாயங்களை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். மர்பியின் முதல் புஸ்தகத்தையும் இரண்டாவது புஸ்தகத்தையும் அடுத்தடுத்துப் படிக்கவேண்டும். ஒன்றை மட்டும் படிக்கிறவர்கள் அவரைப் பாதிதான் தெரிந்துகொண்டவர்கள். தமிழில் யாராவது 'ஃபுல் டில்ட்'டை மொழிபெயர்க்க முன்வந்தால் நல்லது. அப்படி வருகிறவர் பரவசப் பக்கங்களில் கொஞ்சம் கத்தரி போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கடைசியில் பின்னிணைப்பாக உள்ள சாமான் ஜாபிதாவையும் செலவுக் கணக்கையும் விட்டுவிடக் கூடாது. ஆறு மாதப் பிரயாணத்துக்கு மொத்தச் செலவு சுமார் 64 பவுன் என்று அதில் இருக்கிறது. ஹெராத்திலும் காபூல் சாலையிலும் குடித்த தேநீரில் பெரும்பகுதி அந்தக் கணக்கில் வரவில்லை.